ஐ.பி.எல். ஃபேன்டசி: கைமுதல் எவ்வளவு, அதை எப்படிப் பிரிப்பது?

வைகைக்கரையான் | 16 மார்ச் 2025

வணக்கம். 22-ஆம் தேதி ஐ.பி.எல். தொடங்குகிறது. அதற்குள் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும், உதவுங்கள்.

போன வாரம் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, போன வருட ஐ.பி.எல்.லுக்கும் அதற்கடுத்து வந்த டி20 உலகக் கோப்பைக்கும் ஃபேன்டசி ஆப்பில் (நிஜ வீரர்களை வைத்து நாமே ஒரு டீம் போட்டு, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் ஆட்டம்) போட்ட பணத்தைக் கூட்டிப் பார்த்தேன். போட்டது 41,600. எடுத்தது 17,900. போனது 23,700 ரூபாய். என் சம்பளம் 32,000. கூட்டிப் பார்க்கும்வரை ஏதோ ஐந்தாறாயிரம் போயிருக்கும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஜெயித்த நாள்கள் எல்லாம் நினைவில் இருக்கின்றன. 49, 99, 200 என்று போன நாள்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

ஆட்டத்தை விட மனமில்லை. டாஸ் முடிந்ததும் இரண்டு அணிகளின் பதினொருவரையும் பார்த்து டீமை மாற்றுகிற அந்த அரை மணி நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். இந்த வருடம் மொத்தமே 6,000 ரூபாய். அது போய்விட்டால் அதோடு சரி. 74 மேட்ச்சுக்கு அதை எப்படிப் பிரிப்பது? ஜி.எல்.லுக்கு (ஏராளமானோர் மோதும் பெரிய ஆட்டம்) எவ்வளவு, எஸ்.எல்.லுக்கு (சிலர் மட்டும் மோதும் சிறிய ஆட்டம்) எவ்வளவு?

கேலரி சீட்டு | 16 மார்ச் 2025

74-ஆல் வகுத்தால் மேட்ச்சுக்கு 81 ரூபாய்தான் வரும் நண்பரே. எல்லா மேட்ச்சிலும் ஆட வேண்டும் என்று யார் சொன்னது? உங்களுக்குப் பிட்ச் தெரிந்த மைதானம், விளையாடும் அணியைப் பற்றி ஓரளவு நிச்சயம், அன்று மாலை 7 மணிக்கு நீங்கள் போனும் கையுமாக இருக்க முடியும் என்ற உறுதி, இந்த மூன்றும் இருந்தால் ஆடுங்கள். ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்ற விடும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்த பிறகு டாஸுக்கு முன்பே டீம் போட்டுவிட்டுப் போவது காசைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். அப்படிச் சலித்தால் 40 மேட்ச் தேறும். மேட்ச்சுக்கு 120 வீதம் 4,800. மீதி 1,200-ஐ மெகா கான்டெஸ்டுக்கு, அதாவது ஜி.எல்.லுக்கு, வைத்துக்கொள்ளுங்கள்.

மெகாவில் ஒருவர் 20 டீம் வரை போடலாம் என்கிறார்களே என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். 49 ரூபாய் நுழைவு என்றால் 20 டீமுக்கு 980. ஒரே இரவில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

கணக்கப்பிள்ளை | 17 மார்ச் 2025

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இதைக் கணக்காகத்தான் பார்க்க முடிகிறது. பிரிப்பதற்கு முன்னால், எங்கெங்கே கழிகிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் ஜி.எஸ்.டி. 2023 அக்டோபர் 1 முதல், நீங்கள் வாலட்டில் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம். 100 ரூபாய் போட்டால் 78 ரூபாய் 13 காசுதான் ஆடுவதற்கு, மீதி 21 ரூபாய் 87 காசு வரி. உங்கள் 41,600-ல் 9,100 வரி. பல ஆப்கள் இதற்கு ஈடாக டிஸ்கவுண்ட் பாயிண்ட் தருகின்றன. ஆனால் அதை வைத்து ஆடலாம், விட்ரா செய்ய முடியாது. அந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

இரண்டாவது ஆப்பின் பங்கு. இருவர் மட்டும் மோதும் ஹெட் டு ஹெட்டில் ஆளுக்கு 50 போட்டால் பானையில் 100. நான் கடைசியாகப் பார்த்த ஓர் ஆட்டத்தில் ஜெயித்தவருக்கு 86 என்று இருந்தது. நீங்களும் எதிராளியும் ஒரே திறமை என்று வையுங்கள். 100 ஆட்டத்தில் 50 ஜெயிப்பீர்கள். போட்டது 5,000, வந்தது 4,300. யாருக்கும் சளைக்காமல் ஆடியும் 700 ரூபாய் போயிற்று. போட்ட காசாவது திரும்ப வர வேண்டும் என்றால் 100-க்கு 58-க்கு மேல் ஜெயிக்க வேண்டும்.

மூன்றாவது டி.டி.எஸ். போட்டதைவிட அதிகமாக எடுத்தால் அந்த அதிகத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள், பிரிவு 194பி.ஏ. உங்களுக்குப் போன வருடம் நஷ்டம், அதனால் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்காட்டவோ அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவோ சட்டத்தில் இடமில்லை. இன்னொன்று, மார்ச் 31 அன்று வாலட்டில் இருப்பதையும் எடுத்ததாகவே கணக்கில் கொள்வார்கள். ஐ.பி.எல். அந்தத் தேதியைத் தாண்டிப் போவதால் சொல்கிறேன்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் சொல்வது, இந்த 6,000-ஐ முதலீடு என்று எந்த நோட்டிலும் எழுதாதீர்கள். சினிமா, டீக்கடை, பெட்ரோல் வரிசையில் செலவு என்று எழுதுங்கள். சம்பளம் வரும் கணக்கிலிருந்து யு.பி.ஐ. போகவே கூடாது. தனியாக ஒரு கணக்கு, அதில் 6,000, அந்தக் கணக்கை மட்டும் ஆப்போடு இணையுங்கள்.

ஜெர்சிக்காரன் | 17 மார்ச் 2025

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். டிராஃப்ட்கிங்ஸ் என்ற ஃபேன்டசி ஆப்பில் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஒன்பது சீசனாக ஆடுகிறேன். விளையாட்டு வேறு, கணக்கு ஒன்றுதான். இங்கே இதை பேங்க்ரோல் என்பார்கள், நம் ஊரில் கைமுதல். முதலுக்கே மோசம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வித்தையும்.

இங்கே புதியவர்களுக்குச் சொல்லப்படும் விதி: ஒரு வாரத்தில் கைமுதலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் களத்தில் இருக்கக் கூடாது. அதிலும் எண்பது சதவீதம் ஹெட் டு ஹெட், பாதிப் பேருக்குப் பரிசு தரும் ஆட்டம் போன்றவற்றில், இருபது சதவீதம் மட்டும் பெரிய கான்டெஸ்டில். என்.எஃப்.எல். வாரம் ஒரு முறை நடப்பது. ஐ.பி.எல். தினமும் நடக்கிறது. அதனால் உங்களுக்குப் பத்து சதவீதம் ஆகவே ஆகாது, மேட்ச்சுக்கு இரண்டு சதவீதம்தான் தாங்கும். கேலரி சீட்டு சொன்ன 120 சரியாக அதுதான்.

ஏன் இவ்வளவு குறைவு? ஒரு காசை 100 முறை சுண்டிப் பாருங்கள். எங்காவது தொடர்ந்து ஆறு முறை பூ விழுவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். அதாவது சமமான ஆட்டக்காரருக்கும் ஒரு சீசனில் ஆறு தோல்வி வரிசையாக வருவது சர்வசாதாரணம். மேட்ச்சுக்குப் பத்து சதவீதம், அதாவது 600 போடுபவருக்கு அந்த ஆறு நாளில் 3,600 காலி. 120 போடுபவருக்கு 720. இரண்டாமவர் ஏழாவது நாள் நிதானமாக டீம் போடுவார். முதலாமவரால் முடியாது.

1956-ல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். நம் 50-க்கு 86 கணக்கை அதில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் 60 சதவீதம் ஜெயிப்பவர் என்றால் கைமுதலில் சுமார் 4.4 சதவீதம் போடலாம் என்கிறது. நடைமுறையில் அதில் பாதிதான் போடுவார்கள், ஏனென்றால் 60 என்பதே நம் ஊகம். அதே சூத்திரத்தில் 55 சதவீதம் ஜெயிப்பவர் என்று போட்டால் வரும் விடை பூஜ்யத்துக்கும் கீழே. ஒரு ரூபாய்கூடப் போடாதே என்கிறது. பாதிக்கு மேல் ஜெயிப்பவருக்கே இந்தப் பதில். நீங்கள் எவ்வளவு அழகாகப் பிரித்தாலும், கணிப்பில் உங்களுக்கு மேல்கை இல்லையென்றால் கைமுதல் கரைவது தாமதமாகுமே தவிர நிற்காது. கணக்கப்பிள்ளை அண்ணா செலவு என்று எழுதச் சொன்னது அதனால்தான் என்று புரிந்துகொள்கிறேன்.

2015-ல் இங்கே பேஸ்பால் சீசனின் முதல் பாதியை வைத்து ஒரு கணக்கு வெளியானது. ஆட்டக்காரர்கள் சம்பாதித்த லாபத்தில் 91 சதவீதம் 1.3 சதவீதம் பேரிடம் போயிருந்தது. நான் அந்த 1.3-ல் இல்லை. ஒன்பது சீசன் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

வைகைக்கரையான் | 18 மார்ச் 2025

மூவருக்கும் நன்றி. தனிக் கணக்கு நேற்றே திறந்துவிட்டேன். திட்டம்: மேட்ச்சுக்கு 50 ரூபாய் ஹெட் டு ஹெட் இரண்டு, 20 ரூபாய் சிறு கான்டெஸ்ட் ஒன்று. ஞாயிறுதோறும் வாலட்டுக்கு 500, அதற்கு மேல் இல்லை.

ஒரு சந்தேகம். ஜெயித்த பணத்தை வாலட்டிலேயே விடுவதா, எடுத்துவிடுவதா? எடுத்துத் திரும்பப் போட்டால் மறுபடி 28 சதவீதம் கழியுமே?

கணக்கப்பிள்ளை | 18 மார்ச் 2025

நல்ல கேள்வி. வாலட்டில் கிடக்கும் பரிசுப் பணத்தை வைத்து ஆடினால் புதிதாக ஜி.எஸ்.டி. இல்லை. எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் உண்டு. வரியை மட்டும் பார்த்தால் விட்டுவைப்பதுதான் லாபம். ஆனால் என்னிடம் வரும் வாடிக்கையாளர்களில் வாலட்டில் விட்டுவைத்த காசை முழுதாகத் திரும்ப எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால் ஒரு வரம்பு வையுங்கள். வாலட்டில் 1,000-க்கு மேல் சேர்ந்தால் மேலதிகத்தை எடுத்துவிடுங்கள், பிறகு அது ஆட்டத்துக்குத் திரும்பி வரவே கூடாது. திரும்பி வராத பணத்துக்கு இரண்டாம் முறை வரி ஏது?

ஜெர்சிக்காரன் | 18 மார்ச் 2025

இரண்டு ஹெட் டு ஹெட்டிலும் ஒரே டீமைப் போடப்போகிறீர்களா? அப்படியானால் அது இரண்டு ஆட்டம் அல்ல, பெரும்பாலும் 100 ரூபாய் ஆட்டம் ஒன்று. இரட்டைப் புள்ளிக்காக நீங்கள் கேப்டனாக வைத்தவர் முதல் பந்தில் அவுட் ஆனால் இரண்டும் சேர்ந்தே போகும். தவறில்லை, ஆனால் சீசன் முடிவில் எத்தனை ஜெயித்தேன் என்று எண்ணும்போது 80 ஆட்டம் என்று எண்ணாமல் 40 என்று எண்ணுங்கள். நாற்பதை வைத்து நான் கெட்டிக்காரன், நான் மட்டம் என்று எந்த முடிவுக்கும் வர முடியாது.

திராட்சைத்தோட்டம் | 19 மார்ச் 2025

இங்கே நான் எழுதுவது இதுவே முதல் முறை. நான் ஆடுவதில்லை. என் தம்பி ஆடினான்.

அவனும் இப்படித்தான் நோட்டுப் போட்டு எழுதினான். மாதம் 2,000 என்று வைத்திருந்தான். அந்த நோட்டில் முதல் மூன்று மாதம் அழகான கையெழுத்து, நாலாவது மாதம் ஒரே ஒரு பக்கம், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரு நாள் இரவு 2,000-ஐத் தாண்டினான். தாண்டியதை எழுத வெட்கப்பட்டு எழுதாமல் விட்டான். அங்கிருந்து லோன் ஆப் வரை ஐந்து மாதம். டெலிகிராமில் ஒருவர் ஜெயிக்கும் டீம் தருகிறேன் என்று அவனிடம் வாங்கியது தனி. கடைசியில் அம்மாவின் வளையலை விற்று அடைத்தோம்.

உங்கள் கணக்குகளில் தவறு சொல்லவில்லை. அந்த இரவுக்கு இதில் எதுவும் இல்லையே என்றுதான் எனக்குப் படுகிறது. விதியை மீற நினைக்கும் நேரத்தில் விதியை எழுதியவரே எதிரில் நிற்கிறார், அவரை யார் தடுப்பது? வைகைக்கரையான் அண்ணா, உங்கள் வீட்டில் யாராவது ஒருவருக்கு இந்த 6,000 தெரியுமா?

வைகைக்கரையான் | 19 மார்ச் 2025

தெரியாது தங்கச்சி. போன வருடத்து 23,700-உம் தெரியாது.

கணக்கப்பிள்ளை | 20 மார்ச் 2025

இதை நான் யோசிக்கவே இல்லை, சொன்னதற்கு நன்றிம்மா. தம்பிக்கு இப்போதும் அந்த நினைப்பு வந்தால் 14416-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

வைகை, இன்றே வீட்டில் சொல்லுங்கள். அந்தத் தனிக் கணக்கின் எஸ்.எம்.எஸ். வீட்டுக்காரம்மா போனுக்குப் போகும்படி எண்ணை மாற்றுங்கள்.

வைகைக்கரையான் | 12 ஏப்ரல் 2025

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், எழுதாமல் விட்டால் அந்தத் தம்பியின் நோட்டு மாதிரி ஆகிவிடும்.

சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே.வுக்கும் கொல்கத்தாவுக்கும் மேட்ச். ருதுராஜ் காயத்தால் விலக, தோனி மறுபடி கேப்டன். அந்த உற்சாகத்தில் ஏழு சி.எஸ்.கே. ஆட்கள், கேப்டன், வைஸ் கேப்டன் இரண்டும் மஞ்சள். கொல்கத்தாவின் நரைனை எடுக்கவே இல்லை. சி.எஸ்.கே. 20 ஓவரில் 103-க்கு 9. நரைன் 13 ரன்னுக்கு 3 விக்கெட், அப்புறம் 18 பந்தில் 44. கொல்கத்தாவுக்குப் பத்து ஓவரும் ஒரு பந்தும் போதும், மேட்ச் முடிந்தது.

120 போனது திட்டத்துக்குள்தான். ஆனால் மேட்ச் சீக்கிரம் முடிந்ததால் இரவு இன்னும் மிச்சம் இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு டி10 ஆட்டம், ஒரு வீரர் பெயர்கூடத் தெரியாது. 500 போட்டேன், போனது. அப்புறம் 350. அப்புறம் 300. மொத்தம் 1,150. பணம் தனிக் கணக்கிலிருந்துதான் போனது, ஞாயிறு 500 என்ற விதியைத்தான் உடைத்தேன். மூன்றாவது எஸ்.எம்.எஸ். போனதும் மனைவி அறையிலிருந்து எழுந்து வந்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை அணைத்துவிட்டேன்.

ஜெர்சிக்காரன் | 12 ஏப்ரல் 2025

எழுதியது நல்லது. விதியில் ஓட்டை எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. தொகைக்கு வரம்பு வைத்தீர்கள், ஆட்டத்துக்கு வைக்கவில்லை. ஐ.பி.எல். தவிர வேறு எதுவும் கிடையாது என்று எழுதிவிடுங்கள். தனிக் கணக்கில் முழுப் பணமும் இருப்பதும் தவறு. மீதியை மனைவியின் கணக்குக்கு மாற்றி, ஞாயிறு காலை அவர் கையால் 500 வரட்டும்.

இன்னொன்று, ஒரு அணியின் ரசிகர் அந்த அணி ஆடும் மேட்ச்சில் காசு வைக்கக் கூடாது. நான் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன், அவர்கள் ஆடும் ஆட்டத்திலிருந்து ஒருவரைக்கூட எடுப்பதில்லை. அன்று ஆட்டத்தை மட்டும் பார்ப்பேன்.

கேலரி சீட்டு | 12 ஏப்ரல் 2025

ஆமாம். நானும் நேற்று முழுக்க மஞ்சள்தான் போட்டேன். இனி சி.எஸ்.கே. மேட்ச்சுக்கு லீவு.

வைகைக்கரையான் | 14 மே 2025

இந்தியா-பாகிஸ்தான் மோதலால் ஐ.பி.எல். 9-ஆம் தேதியிலிருந்து நின்றிருக்கிறது, 17-ஆம் தேதி மறுபடி தொடங்குகிறதாம். இந்த ஐந்து நாளில் ஒன்றைக் கவனித்தேன். மாலை ஆறரை ஆனால் கை தானாகப் போனைத் தேடுகிறது. நாட்டில் நடப்பதை நினைத்துக் கவலையாக இருக்கும்போதே அது நடக்கிறது. முதல் இரண்டு நாள் என்னவோபோல் இருந்தது. நேற்று பையனோடு வைகைப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தேன்.

வைகைக்கரையான் | 5 ஜூன் 2025

பெங்களூரு கோப்பையை வாங்கியாயிற்று, 18 வருடக் காத்திருப்பு. என் கணக்கு இதோ.

ஆடியது 37 மேட்ச். ஹெட் டு ஹெட் 74, ஜெயித்தது 39. போட்டது 3,700, வந்தது 3,354. சிறு கான்டெஸ்ட்டில் 740 போட்டு 310 வந்தது. மெகாவில் 12 டீம், 588 போட்டு 98 வந்தது. ஏப்ரல் 11 இரவின் 1,150 தனி. மொத்த நஷ்டம் 2,416. கையில் இருப்பது 3,584. வரிக்கு ஈடாக வந்த பாயிண்ட்டுகளை எல்லாம் நுழைவுக்கே பயன்படுத்திவிட்டதால் தனியாகக் காட்டவில்லை.

பாதிக்கு மேல் ஜெயித்தும் ஹெட் டு ஹெட்டில் 346 நஷ்டம். மார்ச்சில் கணக்கப்பிள்ளை அண்ணா எழுதியது இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது. நஷ்டத்தில் கிட்டத்தட்ட பாதி அந்த ஒரே இரவில் போனது என்பதும்.

கணக்கப்பிள்ளை | 5 ஜூன் 2025

23,700-லிருந்து 2,416. இந்தக் கணக்கை நான் சந்தோஷமாகவே பார்க்கிறேன்.

ஒரு தகவல். தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் கூடாது, ஆதாரோடு சரிபார்க்க வேண்டும் என்ற விதிகளை எதிர்த்து நிறுவனங்கள் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஃபைனல் நடந்த அதே ஜூன் 3 அன்று. உங்கள் ஏப்ரல் 11-ஐ நினைத்துக்கொண்டேன்.

கேலரி சீட்டு | 23 ஆகஸ்ட் 2025

இழையை மேலே கொண்டுவருகிறேன். ஆன்லைன் கேமிங் மசோதா 20-ஆம் தேதி மக்களவையிலும் 21-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறி, நேற்று குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ட்ரீம் லெவன் உட்படப் பெரிய ஆப்கள் எல்லாம் காசு வைத்து ஆடும் கான்டெஸ்ட்டுகளை நிறுத்திவிட்டன. திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பேச்சே இனி இல்லை, பணம் வைத்தால் இரண்டும் ஒன்றுதான். நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. வாலட்டில் பணம் இருப்பவர்கள் விட்ரா செய்துவிடுங்கள்.

எனக்கு வருத்தம்தான். எட்டு வருடம் ஆடினேன், வரம்பு மீறியதே இல்லை.

வைகைக்கரையான் | 23 ஆகஸ்ட் 2025

வாலட்டில் 412 இருந்தது, எடுத்துவிட்டேன். மீதி மனைவியின் கணக்கில் இருக்கிறது. டாஸ் நேரத்து அரை மணி நேரம் இல்லாமல் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. இலவச கான்டெஸ்ட்டில் டீம் போட்டுப் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

திராட்சைத்தோட்டம் | 24 ஆகஸ்ட் 2025

தம்பி ஆறு மாதமாக ஆடவில்லை. நேற்று அவன் போனுக்கு டெலிகிராமில் ஒரு லிங்க் வந்திருக்கிறது. இங்கே தடை செய்தால் என்ன, எங்கள் சைட் வெளிநாட்டில் இருக்கிறது, முதல் டெபாசிட்டுக்கு இரண்டு மடங்கு தருகிறோம் என்று. அவனே என்னிடம் காட்டினான். என்ன செய்வது?

கணக்கப்பிள்ளை | 24 ஆகஸ்ட் 2025

தொடவே வேண்டாம்மா. அவர்கள் கேட்பது பெரும்பாலும் யாரோ ஒரு தனி ஆளின் யு.பி.ஐ.க்கு அனுப்பச் சொல்வதாக இருக்கும். போட்ட பணம் திரும்பி வரவில்லையென்றால் யாரிடம் போய்க் கேட்பது? அந்த நபரை பிளாக் செய்து, டெலிகிராமில் புகாரும் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் பணம் எதையாவது அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், சைபர் மோசடிக்கான எண்.

அவனே காட்டினான் என்றீர்களே, அதை அவனிடம் பாராட்டிச் சொல்லுங்கள்.

திராட்சைத்தோட்டம் | 24 ஆகஸ்ட் 2025

அனுப்பவில்லை அண்ணா, பேங்க் மெசேஜ் எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். பிளாக் செய்தாயிற்று. சொன்னேன், சிரித்தான்.